நிறுத்த ஒன்று, புறப்பட இரண்டு

பெரியவளே, சின்னவனே, உங்கள் அம்மா இங்கிலீஷ் பரீட்சை எழுதிய கதையை அவள் வாயாலேயே பல தடவை கேட்டிருக்கிறீர்கள். நான் விசில் ஊதிப் பாடம் நடத்தியதை அவள் நடித்துக் காட்டுவாள், நீங்கள் உருண்டு சிரிப்பீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அவள் உள்ளே எழுதிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் வெளியே ரோட்டில் நடந்தது அவளுக்குத் தெரியாது. அதை எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன். அவளும் படிப்பாள். படிக்கட்டும்.

அப்போது நாம் திருநகரில் வாடகை வீட்டில் இருந்தோம். பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவனுக்கு நாலு வயது. நான் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று எழுதிவைத்து, நேரம் வந்ததும் விசில் ஊதி வண்டியைக் கிளப்பிவிடுவது என் வேலை. அம்மா மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னிடம்கூடச் சொல்லாமல் விண்ணப்பம் போட்டாள். நேர்முகத்தில் தேறியும் விட்டாள். மிச்சம் இருந்தது மேல்நிலை இங்கிலீஷ் பரீட்சை ஒன்றுதான். அதில் பேசுவது, எழுதுவதெல்லாம் அவளுக்குப் பயமில்லை. வாசித்துப் பதில் எழுதும் பகுதிதான் பயம். வயது முப்பத்தைந்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு முப்பத்தைந்து நிறைய பத்து மாதம் இருந்தது. பரீட்சையோ வருஷத்துக்கு ஒரு தடவை. அதனால் அவளுக்கு இருந்தது அந்த ஒரு தடவைதான்.

"எதுக்கு இம்புட்டுத் தூரம் போகணும்ங்கிற? இங்க ஆஸ்பத்திரி இல்லையா?" என்று கேட்டேன்.

"பதிமூணு வருசமா ஒரே வார்டுல நடக்குறேன். அங்க என்னென்னமோ மிஷினெல்லாம் வச்சிருக்காகளாம். ஒரு தடவ அதையெல்லாம் என் கையால தொட்டுப் பாக்கணும்ங்க."

அதற்கு மேல் என்ன சொல்ல? "சரி, படி" என்றேன். மனசாரச் சொன்னேனா, வாயளவில் சொன்னேனா என்று எனக்கே தெரியாது.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவன். சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் பஸ் நேரம் எழுதும் பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கம் காலியாகக் கிடந்தது. அதைக் கிழித்து, சீட்டுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதி, பின்னால் தமிழில் அர்த்தம் எழுதினேன். அரிசி டின்மேல் ஒன்று, கண்ணாடி ஓரத்தில் ஒன்று, அம்மிக்கு மேலே சுவரில் ஒன்று. அவள் அரைத்துக்கொண்டே சொல்லுவாள். நான் சீட்டைத் திருப்பிச் சரிபார்ப்பேன். நான் வாசிக்கும் லட்சணத்துக்கு அவளுக்குச் சிரிப்பு வரும்.

"ரிலக்டன்ட்" என்றேன் ஒரு நாள்.

"மனசில்லாத, தயங்குற. உங்களுக்குன்னே செஞ்ச வார்த்தை."

"எனக்கென்ன தயக்கம்?"

"ஒண்ணுமில்ல. அடுத்த சீட்ட எடுங்க, ரிலக்டன்ட் டைம்கீப்பரே."

வார்த்தைகள் ஏறிவிட்டன. வாசிப்புதான் இடித்தது. நாலு பாசேஜ், ஒரு மணி நேரம். ஒரு பாசேஜுக்குப் பதினைந்து நிமிஷம். அவளுக்கு இருபத்தேழு நிமிஷம் ஆயிற்று. காரணம் அவள் தொழில். ஒரு நர்ஸ் மருந்துப் பாட்டிலின் சீட்டை மூன்று தடவை படிப்பாள். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை, ஊற்றுவதற்கு முன் ஒரு தடவை, பாட்டிலைத் திரும்ப வைக்கும்போது ஒரு தடவை. பதிமூன்று வருஷப் பழக்கம். கலங்கரை விளக்கத்தைப் பற்றிய பாசேஜையும் அவள் அப்படித்தான் படித்தாள், வரிக்கு மூன்று தடவை.

"ஒரு தடவ படிச்சா போதும், இந்தா."

"தப்பாப் படிச்சு வச்சேன்னா?"

"யாரும் சாகப் போறதில்ல."

"உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு நாலாவது தடவையும் படித்தாள்.

சுவரில் கடிகாரத்தை மாட்டிப் பார்த்தேன். வரிக்கு ஒரு தடவை கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதில் இன்னும் நேரம் போயிற்று. அப்போதுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் நிறுத்த ஒரு விசில், புறப்பட இரண்டு. இது டிரைவருக்கு மூளைக்குப் போகாமலே காலுக்குப் போய்விடும். அவளிடம் சொன்னேன்: "கடியாரத்தப் பாக்காத. நேரம் என் பொறுப்பு. ரெண்டு விசில் கேட்டா ஆரம்பி. ஒரு விசில் கேட்டா அரை வார்த்தையில இருந்தாலும் பேனாவக் கீழ வச்சிரு."

தினமும் சாயங்காலம் ஊதினேன். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, வீட்டுக்குள்ள பஸ் விட்ருக்கீகளா? திருப்பரங்குன்றம் போகுமா?" என்று கேட்டார்கள். "சீட்டு ஃபுல்லுக்கா" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். மூன்று மாதத்தில் இருபத்தேழு நிமிஷம் இருபதாயிற்று, பதினேழாயிற்று, பதினைந்தில் வந்து நின்றது. விசில் கேட்டதும் அவள் கை தானாகவே பேனாவை வைத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஊரில் எந்த வாத்தியாருக்கும் தோன்றாத வழி என்று நினைத்துக்கொண்டேன்.

வாசிப்புப் பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில். உங்கள் இரண்டு பேரையும் கோச்சடையில் அம்மாச்சி வீட்டில் விட்டோம். சின்னவன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பெயிலாயிட்டா போமாட்டல்லம்மா?" என்று கேட்டான். யார் சொல்லிக்கொடுத்தார்களோ! அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். பஸ்ஸில் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்தாள்.

ஹால் ரோட்டை ஒட்டி இருந்தது. மூன்றாவது ஜன்னலோரம் அவளுக்கு இடம். நான் எதிரே வேப்ப மரத்தடியில் நின்றால் அவள் தோளும் கையும் தெரியும். மணி அடித்தது. குனிந்தாள். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு டவுன் பஸ் வந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரோடு ஒட்டித்தான் பஸ் ஸ்டாப். எத்தனையோ தடவை அந்த வழியே போயிருக்கிறேன், அன்று காலை அதே ஸ்டாப்பில்தான் இறங்கவும் செய்தேன். அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை.

கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார். பஸ் நின்றது. ஜன்னலில் அவள் பேனா கீழே போயிற்று.

ஆள் இறங்கி, ஆள் ஏறி, ஒரு கூடைக்காரம்மா கூடையை ஏற்றி முடிக்கும்வரை அவள் தலையைத் தூக்கி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விசில். பஸ் போயிற்று. அவள் தலையை உதறிக்கொண்டு பேனாவை எடுத்தாள். விட்ட வரியைத் தேடி விரல் வைப்பது தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து, மூன்று தடவை படிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அந்த ரோட்டில் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு பஸ்ஸாவது வரும். அது டைம்கீப்பருக்குத் தெரியாதா? பன்னிரண்டு தடவை பேனா கீழே போனால் மூன்றாவது பாசேஜைக்கூடத் தொட மாட்டாள்.

இதோ, நான் சொல்ல வந்த இடம் இதுதான். அடுத்த பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. ஸ்டாப்புக்கு இருபது தப்படி. ஓடிப்போய்க் கையைக் காட்டியிருக்கலாம். என் கால் நகரவில்லை. விசில் ஊதுவது அவன் வேலை, நாம் யார் தடுக்க என்று ஒரு நினைப்பு. அதற்கடியில் இன்னொன்று: ஊதட்டும். அவள் பெயிலாகட்டும். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம், பிள்ளைகள் அம்மா இல்லாமல் இருக்க வேண்டாம், நான் ஒத்தையாளாக உலை வைக்க வேண்டாம். ஒரு விசில். அவள் பேனா கீழே போயிற்று. இரண்டு விசில். அதற்கடுத்த பஸ்ஸும் வந்தது. அதற்கும் நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்.

அந்தத் தடவை அவள் பேனாவை வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் காதை அமுக்கிப் பொத்திக்கொண்டாள். பஸ் போனபிறகும் கையை எடுக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டால் எந்தக் கையால் எழுதுவது?

நான் ஓடினேன்.

நாலாவது பஸ் ஸ்டாப்பை நெருங்குவதற்குள் ரோட்டுக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். டிரைவர் பிரேக் போட்டுவிட்டுக் கத்தினார். கண்டக்டர் பாதிப் படியில் விசிலும் வாயுமாக நின்றார்.

"அண்ணே, விசில் வேணாம்ணே. பஸ்ஸத் தட்டுங்க, போதும். உள்ள பரீட்ச நடக்குது."

"யோவ், யாருய்யா நீ? எனக்கு விசில் ஊதக் கத்துக்கொடுக்க வந்துட்ட?"

"திருமங்கலத்துல டைம்கீப்பர்ணே."

"அப்ப திருமங்கலத்துல போயி நில்லு. செக்கிங் வந்தா நீயா பதில் சொல்லுவ?"

பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ, "காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டான்பா" என்றார்கள். சிரித்தார்கள்.

"உள்ள எம் பொண்டாட்டிண்ணே. விசில் கேட்டா பேனாவ வச்சிருவா. நாந்தான் அப்பிடிப் பழக்கிவிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். "பொண்டாட்டிக்கு விசிலா? நல்லாப் பழக்குன போ, மாப்ள" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முன்கூட்டியே ஓடி, கையைக் காட்டி, கும்பிட்டு, அதே வார்த்தைகளைச் சொன்னேன். டூட்டி முடிந்து இறங்கிய தெரிந்த கண்டக்டர் ஒருவர் எதிர் ஸ்டாப்பில் நின்று அந்தப் பக்கத்து வண்டிகளைப் பார்த்துக்கொண்டார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. ஒரே ஒரு வண்டி மட்டும் நான் சொல்லச் சொல்ல விசிலடித்துவிட்டுப் போயிற்று. ஜன்னல் பக்கம் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மணி அடித்தது. அவள் முகம் வெளுத்து வெளியே வந்தாள்.

"மூணு பாசேஜ் முடிச்சிட்டேன். நாலாவதுல பாதிக் கேள்வி தொடல. ஆரம்பத்துல ஒரே விசில் சத்தங்க. கை ஓடல. அப்புறம் என்னமோ சாமி புண்ணியத்துல நின்னுபோச்சு." என் சட்டையைப் பார்த்தாள். "நீங்க ஏன் இப்பிடி வேர்த்துப் போயிருக்கீங்க?"

"வெயிலு" என்றேன்.

நாலாவது பாசேஜில் விட்ட பாதி, நான் மரத்தடியில் நின்ற அந்த இரண்டு பஸ்தான். முடிவு வர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். "நான் கவனமா இருந்திருக்கணும்" என்று சமைக்கும்போதும் சொல்லுவாள், துணி மடிக்கும்போதும் சொல்லுவாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு வாய் வரைக்கும் வரும். சொல்லவில்லை.

கடிதம் ஒரு மத்தியானம் வந்தது. வாசலில் நின்றபடியே பிரித்தாள். ஒரு தடவை படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாவது தடவையும் படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "பாஸுங்க. மயிரிழைதான். ஆனா பாஸு." நீங்கள் இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமலே குதித்தீர்கள். சின்னவன் மட்டும் பாதியில் குதிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

அம்மாச்சியிடம் சொல்ல உங்களைக் கூட்டிக்கொண்டு அவள் கோச்சடைக்குக் கிளம்பினாள். எனக்கு ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். அம்மிக்கு மேலே கடைசியாக ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. மூன்று மாதம் நேரம் பார்த்தேனே தவிர, அவள் படித்த ஒரு பாசேஜைக்கூட நான் முழுசாகப் படித்ததில்லை. சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து ஆணியில் மாட்டினேன். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினேன். அவளுடைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, கலங்கரை விளக்கப் பாசேஜைப் பிரித்து, முதல் வார்த்தையில் விரலை வைத்து, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். வரிக்கு மூன்று தடவை.