ஒழுங்கையிலிருந்து எத்தனை அடி

செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். அலுவலகத்தில் வேலை செய்யும் ரஞ்சன் கதவருகே வந்து நின்றார், உள்ளே வரவில்லை. "சேர், சுகிர்தா மிஸ் தவறிப்போட்டா. நெஞ்சு நோகுதெண்டு விடியப்புறம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனவையாம்" என்றார். கணினிகளுக்குப் பின்னாலிருந்த பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒரு பிள்ளை எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தியது. ஏன் நிறுத்தியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கனடாவிலிருக்கும் அவருடைய தமையன் கேட்டார். மலர்களில் வழக்கமாக எழுதுகிற எழுத்து எனக்கு ஒத்துவராது. புன்னகை மாறாத முகம் என்று எழுதினால் அவரிடம் படித்த நீங்களே நம்பமாட்டீர்கள். மிஸ் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை.

கட்டடக்கலை படிக்க வரும் முதலாம் வருடப் பிள்ளைகளுக்குக் கையால் வரையப் பழக்குவது அவருடைய வேலை. அடுத்த அறையில் கணினியில் வரையப் பழக்குவது என்னுடைய வேலை. அவர் வகுப்பில் முதல் மாதம் முழுவதும் வீடே கிடையாது, கோடும் எழுத்தும்தான். ரீ-ஸ்குயர் என்கிற நீட்டு மட்டத்தைப் பலகையின் விளிம்போடு இடக்கையால் இறுக்கிப் பிடிக்கவேண்டும். கோடு ஒரே தடிப்பில் வருவதற்காக, இழுக்கும்போதே பென்சிலை விரலுக்குள் உருட்டவேண்டும். மூலைமட்டத்தைத் துணியால் துடைக்காமல் தாளில் வைத்த பிள்ளைக்கு அன்று நல்ல பேச்சு விழும். பிள்ளைகள் பொறுமையிழந்து எப்போது வீடு கீறுவது என்று கேட்டால், "வீடு எங்கையும் ஓடாது. முதல்லை கை பழகட்டும்" என்பார்.

எழுத்தில் இன்னும் மோசம். ஆங்கில எழுத்துக்கு மேலும் கீழும் இரண்டு மெல்லிய கோடு போதும். தமிழுக்கு நாலு கோடு போடவைப்பார். 'சி'யின் விசிறி மேலே எழும்பும், 'சு'வின் வால் கீழே இறங்கும், இரண்டுக்கும் இடம் விடவேண்டும் என்பது அவர் கணக்கு. எழுதி முடித்த தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, பிள்ளையைக் கதவடிக்கு அனுப்பி அங்கிருந்து வாசிக்கச் சொல்வார். சமையலறைக்கு எழுதுகிற 'குசினி' என்பதை வாசிக்க முடியாமல் தடுமாறினால் அழிறப்பர் கைக்கு வரும். நீங்கள் எல்லாரும் அந்தக் கதவடியில் நின்றவர்கள்தான்.

நான் சீண்டாத நாளில்லை. "மிஸ், உங்கடை பிள்ளையள் ஒரு கோடு கீறி முடிக்க முந்தி என்ரை பிள்ளையள் மாடியே கட்டிப்போடுவினம்" என்றேன் ஒருநாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "கட்டட்டும் சேர். ஒரு பட்டனிலை இடிக்கவும் ஏலும்தானே" என்றார்.

இரண்டாம் மாதம் பார்த்து வரைவதற்கு ஒரு வீட்டுப் படத்தைச் சுவரில் ஒட்டுவார். வருடாவருடம் அதே படம். ஏதோ புத்தகத்துப் படம் என்றே நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் அதில் குசினிக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கதவைப் பார்த்துவிட்டு, "உந்தக் கதவு எங்கை போகுது மிஸ்? தேவையில்லாத கதவு" என்றேன்.

"கிணத்தடிக்கு. அது எங்கடை வீடு சேர்."

வலிகாமம் வடக்கில் பள்ளிக்கூடப் பெட்டையாக விட்டுவந்த வீடு அது. பிறகு அந்த இடம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. சாவகச்சேரியில் வாடகைக்கு இருந்த காலத்தில், அதைக் கட்டிய தகப்பன் சுவர் சுவராக அளவு சொல்ல, இவர் கீறியிருக்கிறார். தகப்பன் செத்தும் கன காலம். காணி விடுபட்டால் அதே அத்திவாரத்தில் அதே வீட்டைத் திரும்ப எழுப்புவது என்பதுதான் மிஸ்ஸுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே திட்டம். நீங்கள் கை பழகியது அவருடைய வீட்டில்தான். உங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

போன வருடம் காணி விடுபட்டது. என்னையும் அளவு நாடாவையும் கூட்டிக்கொண்டு போனார். தாளைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். காணிக்குப் போகிற குறுகிய பாதையான ஒழுங்கை இருந்தது, எல்லையின் மூலைக் கல்லும் இருந்தது. உள்ளே முள்ளும் பற்றையும். வீடு இருக்காது என்று அவருக்குத் தெரியும். அத்திவாரமாவது கிடக்கும் என்றுதான் வந்தார். அதையும் கிண்டி எடுத்திருந்தார்கள். கிணற்றை மூடி மட்டமாக்கியிருந்தார்கள். நாங்கள் மத்தியானம்வரை காலால் தட்டித் தட்டித் தேடினோம்.

பிறகு ஒரு நிழலில் தாளை விரித்தார். ஒவ்வொரு சுவரின் நீளமும் ஒவ்வொரு யன்னலின் அகலமும் அவருடைய அச்சுப்போன்ற எழுத்தில் இருந்தன. வீடு ஒழுங்கையிலிருந்து எத்தனை அடி தள்ளியிருந்தது என்பது மட்டும் இல்லை. காணிக்குள் வீடு நிற்கும் இடத்தைக் காட்டும் படம் இரண்டாம் வருடப் பாடம், வேறொருவர் படிப்பிப்பது. இத்தனை வருடம் அதே வீட்டை வகுப்பில் ஒட்டியவர் அந்த ஒரு கோட்டை இழுக்கவே இல்லை.

"எங்கையிருந்து அளக்கிறது சேர்?" என்று கேட்டார்.

கனடாவில் நடுச்சாமம் என்றும் பாராமல் அங்கிருந்தே தமையனைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணை, ஒழுங்கையிலை இருந்து வீட்டு வாசலுக்கு எவ்வளவு தூரம்?" "கிட்டத்தான் பிள்ளை. அம்மா கூப்பிட்டால் ஒழுங்கையிலை கேக்கும்" என்றது குரல்.

"வசதியான இடமாப் பாத்துக் கட்டுங்கோவன் மிஸ்" என்றேன்.

"எங்கையாவது இருக்கிறதெண்டால், இருக்கிற வாடகை வீட்டிலையே இருக்கலாம் சேர்" என்றார். தாளைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்து வந்த பிள்ளைகளுக்கு அவர் அந்தப் படத்தை ஒட்டவில்லை. புத்தகத்திலிருந்து ஒரு படத்தைப் பிரதியெடுத்துக் கொடுத்தார். பிழை திருத்துவதில் ஒரு குறையும் வைக்கவில்லை, கதவடிக்கும் அனுப்பினார். ஆனால் ஆள் அங்கே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தேற்றுவதற்கு ஏதாவது சொல்லலாம் என்று பலமுறை அவர் அறை வாசல்வரை போயிருக்கிறேன். என்னத்தைச் சொல்வது? காலம் எல்லாவற்றையும் சரியாக்கும் என்றா? காலம் சரியாக்கிய ஒன்றையும் நான் இந்தப் பக்கத்தில் காணவில்லை.

காணியை விற்க ஆள் பார்க்கிறார்கள். படத்தை நான் கேட்டேன். "வைச்சிருங்கோ, இஞ்சை அனுப்பி என்ன செய்யிறது" என்றார் தமையன்.

போன கிழமை அதைக் கணினியில் ஏற்றுவோம் என்று உட்கார்ந்தேன். முதற்சுவரைத் தொடங்கியதும், எந்தப் புள்ளியிலிருந்து என்று அது கேட்டது. எந்தப் படத்துக்கும் கேட்கிற கேள்விதான். திரையில் எங்கே அழுத்தினாலும் அதற்குச் சம்மதம். பிள்ளைகள் யோசிக்காமல் அழுத்துவார்கள். நான் அழுத்தாமல் கன நேரம் இருந்துவிட்டுக் கணினியை மூடினேன். சுகிர்தா மிஸ்ஸிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஓர் அங்குலமும் பிசகாத ஒரு வீடு. அதை வைப்பதற்கு எனக்கும் இடம் தெரியாது.