கொம்பாசுரனும் நடுவரப்பும்

திருவையாற்றுக்கு மேற்கே, குடமுருட்டித் தண்ணீர் பாயும் ஊர்களில் ஒன்றில் வாழ்ந்துவரும் லூர்துராஜ் எதையும் எளிதில் நம்பக்கூடியவர் அல்லர். மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னால், வாய்க்காலில் இறங்கிக் கால் நனைந்த பிறகுதான் தலையாட்டுவார். அப்போதும், “மழத்தண்ணியாக்கூட இருக்கலாம்” என்று ஒரு வாசலைத் திறந்துவைப்பார். ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்து போவார். வழி நெடுக மைல்கற்களோடு தகராறு. மாதாவை மட்டும் முழுசாக நம்பினார். ஆனால் மாதாவுக்குத் தான் ஏற்றிய மெழுகுவர்த்தியை நம்பாமல், அது அடிவரை எரிந்து முடியும் மட்டும் பக்கத்திலேயே நிற்பார்.

இத்தனை சந்தேகத்தையும் தாங்கிக்கொள்ள அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆண்டவர் வீரையனைக் கொடுத்தார்.

வீரையன் பக்கத்து வயல்காரர். இரண்டு வயலுக்கும் நடுவே ஒரு வரப்பு, வாய்க்காலிலிருந்து தார்ச்சாலை வரை. வரப்பின் சாலைப்பக்க நுனியில் இடி விழுந்து மண்டை கருகிய ஒற்றைத் தென்னை. சாலைக்கு முகம் வைத்து நின்றால் வலக்கைப் பக்கம் லூர்துராஜ், இடக்கைப் பக்கம் வீரையன். நடவுக்கு முன்னால் அவரவர் தம் பக்கத்து வரப்பைச் செதுக்கிச் சேறு பூசுவது வழக்கம். அண்டை வெட்டுவது என்பார்கள். வீரையன் கூலியாளை விட்டு வெட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். லூர்துராஜ் தானே மண்வெட்டியோடு இறங்குவார். ‘இந்த வருஷம் அவன் எவ்வளவு கடத்தியிருப்பான்’ என்று மனசுக்குள் ஒரு மதிப்புப் போடுவார். போட்ட மதிப்பைத் தன் பக்கத்து வரப்பிலிருந்து செதுக்கி மீட்டுக்கொள்வார். செதுக்கிய மண்ணை வீணாக்கலாமா? வரப்பு மெலிந்துவிடக் கூடாது என்ற பொதுநலத்தோடு அதை வீரையன் பக்கம் அப்பிவிடுவார். இதைத் திருட்டு என்று யாராவது சொல்லியிருந்தால் லூர்துராஜ் மனம் உடைந்துபோயிருப்பார். அது மீட்பு. வருஷா வருஷம், விடாமல் நடந்த மீட்பு.

போன மார்கழியில், பயிர் பச்சை கட்டி நின்றபோது, ஒரு வேன் வந்து நின்றது. தொப்பி போட்ட நாலு பேர் இறங்கி, வாய்க்கால் கரையிலிருந்து சாலையை நோக்கி ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். லூர்துராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

“யாருங்க நீங்க? மீத்தேனா, ஹைட்ரோகார்பனா? உண்மையச் சொல்லிருங்க.”

“சினிமாங்க ஐயா. பூதப் படம். பூதம் இந்த வழியா நடந்து போவும்.”

“எங்க பூதம்?”

“அத அப்புறம் கம்ப்யூட்டர்ல போடுவோம்.”

இவ்வளவு மட்டமாக ஒருவன் பொய் சொல்வான் என்று லூர்துராஜ் எதிர்பார்க்கவில்லை. வேன் போன பிறகும், எங்காவது குழாய் இறக்கியிருக்கிறார்களா என்று வரப்பெல்லாம் குத்திப் பார்த்தார்.

புரட்டாசியில் அந்தப் பூதம் வந்தது. படத்தின் பெயர் ‘கொம்பாசுரன்’. நாகப்பட்டினத்துக் கடலில் எழுந்து, காவிரியைப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூருக்கு நடந்து வரும் மலை போன்ற பிராணி. இரண்டு கொம்பில் ஒன்று உடைந்தது. ட்ரெய்லர் வெளியான காலையில் தமிழ்கூறும் நல்லுலகம் வேலை வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டது. லூர்துராஜின் மகள் ஜாஸ்லினும் உட்கார்ந்தாள். தஞ்சாவூரில் லேப் டெக்னீசியனாக வேலை பார்த்துக்கொண்டே, ட்ரெய்லர்களைப் பார்த்து வியக்கும் சேனல் ஒன்றையும் நடத்திவந்தாள். எழுந்ததும் ட்ரெய்லரை வேண்டிய மட்டும் பார்த்துவிட்டு, முகம் கழுவி, பவுடர் போட்டு, போனைத் தாங்கியில் நிறுத்தி, “மக்களே, இப்பதான் ஃபர்ஸ்ட் டைம் பாக்கப் போறேன்!” என்று சொல்லி வாயைப் பிளந்தாள்.

“விடிஞ்சதுலேர்ந்து அதத்தான பாத்துக்கிட்டிருக்க? இப்ப என்னா புதுசா வாயப் பொளக்குற?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“அப்பா! ரெக்கார்டிங் ஓடுது!”

“ஓடட்டும். ஊரை ஏமாத்துறது அதுலயும் பதியட்டும்.”

சொல்லிவிட்டுக் குனிந்தவர் நிமிரவில்லை. திரையில் பச்சை வயல். நடுவே ஒரு வரப்பு. வரப்பின் நுனியில் மண்டை கருகிய தென்னை. அதன்மேல் கொம்பாசுரனின் பாதம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டு உலகமே மயிர்க்கூச்செறிந்தது. லூர்துராஜ் பாதத்தைப் பார்க்கவில்லை.

“நிறுத்து. பின்னால போ. அந்தக் காலை எடுத்துட்டு வரப்பைக் காட்டு.”

“காலையெல்லாம் எடுக்க முடியாதுப்பா.”

காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரிந்ததே போதுமானதாக இருந்தது. தரையில் நின்றால் எந்த வரப்பும் கொஞ்சம் கோணலாகத்தான் தெரியும். வானத்திலிருந்து பார்த்தபோது உண்மை பளிச்சென்று இருந்தது. நடுவரப்பு, சாப்பிட்டு எழுந்தவன் தொப்பையைப் போல, வலப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது. வலப்பக்கம் யாருடைய வயல்?

“அமலோற்பவம்!” என்று அடுப்படியிலிருந்த மனைவியைப் பார்த்துக் கத்தினார். “நான் சொன்னேன்ல! இத்தன வருஷமா சொன்னேன்ல!”

இடைவிடாத மீட்புக்குப் பிறகும் இவ்வளவு போயிருக்கிறது என்றால், வீரையன் எவ்வளவு பெரிய களவாணி! தான் மீட்டதெல்லாம் போதவில்லை என்பதுதான் அவரை மிகவும் வருத்தியது.

பாசித்தின் டீக்கடையில் அன்று ரசிகர் கூட்டம். ஆளாளுக்கு ஒரு போன். கொம்புதான் பேச்சு. ட்ரெய்லர் முழுக்கப் பூதத்துக்கு வலக்கொம்பு உடைந்திருக்கிறது. வயலில் கால் வைக்கும் இடத்தில் மட்டும் இடக்கொம்பு. “டபுள் ஆக்சன்ப்பா! அண்ணன் பூதம், தம்பி பூதம்!” என்று பாசித் டீயை ஆற்றிக்கொண்டே சத்தியம் செய்துகொண்டிருந்தார். லூர்துராஜ் மகளுடைய போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

“எல்லாம் பூதத்தப் பாக்குறீங்க. பூதத்துக்குக் கீழ என்னா நடந்திருக்குன்னு பாருங்கப்பா!”

வீரையன் பெஞ்சில் வடையோடு இருந்தார். போனை வாங்கிப் பார்த்தார்.

“நம்ம தென்னதான் லூர்துண்ணே. அட, நல்லா வந்திருக்கு.”

“தென்னய வுடு. வரப்பு எந்தப் பக்கம் போவுது?”

வீரையன் போனைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார். “ஒங்க பக்கந்தான் வருது. எப்புடின்னு தெரியலயே. கூலியாளு கொஞ்சம் கூடக்கொறயா வெட்டிருப்பானோ என்னமோ.”

“ஆளு மேல போடாத. ஊர் முன்னால சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க.” லூர்துராஜ் பெஞ்சின்மேல் ஏறி நின்றார். “வரப்பக் கடத்துனவன் எவனா இருந்தாலும் சரி, கயிறு புடிச்சு எடத்த வுட்டுறணும். ஊர் முன்னால நின்னு கையெடுத்துக் கும்புடணும். சம்மதமா?”

“நாயமான பேச்சு,” என்றார் பாசித். கடையே தலையாட்டியது. வீரையனும் ஆட்டினார், அவர் முகத்தில் ஒரு குற்றவாளியின் குழப்பம் தெரிந்தது. அன்றைக்கு லூர்துராஜ் ரெண்டு டீ குடித்தார். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்கக்கூட இல்லை.

அடுத்த நாள் மாலை ஜாஸ்லின் புது வீடியோ போட்டாள். வாயைப் பிளக்காத வீடியோ. அதை அப்பாவிடம் காட்டினாள்.

“ரெண்டு பூதமெல்லாம் இல்லப்பா. எல்லா ஷாட்லயும் பூதம் இடமிருந்து வலமா நடக்குது. நம்ம வயல்ல எடுத்தது மட்டும் எதிர்ப்பக்கமா இருந்திருக்கு. அதனால ட்ரெய்லர் வெட்டுனவங்க படத்தையே கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுட்டாங்க. கொம்பும் சேந்து மாறிருச்சு. அவ்வளவுதான்.”

“கொம்பு மாறிடுச்சா?”

“எல்லாமே மாறிருச்சு. வலது இடது, இடது வலது.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அமலோற்பவம் கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படிக்கு வந்தாள். மண்வெட்டியைக் கழுவி வைக்கிறவள் அவள். எந்தப் பக்கத்துச் சேறு என்று அவளுக்குத் தெரியும்.

“அப்ப வரப்பும்ல மாறுது?” என்றாள்.

“நீ போயி சோத்தப் பாரு.”

“சோறு வெந்து ரொம்ப நேரமாச்சு.”

தொப்பை வலப்பக்கம் இல்லை. இடப்பக்கம். வீரையன் வயலில். பெஞ்சின்மேல் ஏறி நின்று தான் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றாக லூர்துராஜுக்கு நினைவு வந்தன. கயிறு, கும்பிடு, ஊர் முன்னால். பாசித்தின் ‘நாயமான பேச்சு’ தனியாக நினைவு வந்தது.

அன்று அவருடைய வாழ்க்கையில் பெரிய திருப்பம் நிகழ்ந்தது. மாதாவுக்கு அடுத்தபடியாக, லூர்துராஜ் முதன்முறையாக இன்னொன்றை நம்பினார். பூதம் இரண்டு.

வேறு வழியில்லை. பூதம் ஒன்றென்றால் படம் திருப்பிப் போட்டது; படம் திருப்பிப் போட்டதென்றால் கள்ளன் அவர். பூதம் இரண்டென்றால் கள்ளன் வீரையன். ஆகவே மகளிடம் சொல்லாமல் தன் போனில் ஒரு கணக்குத் திறந்தார். ‘டெல்டா உழவன்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். மகளுடைய வீடியோவின் கீழேயே எழுதினார்: ‘இந்தப் பெண் சொல்வது தவறு. பூதம் இரண்டு. நடையைக் கவனிக்கவும். முதல் பூதத்துக்குக் காலில் ஆணி இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை.’

ரசிகர்கள் கொண்டாடினார்கள். ‘தலைவா, ஆணியைக் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கதான்’ என்றான் கோயம்புத்தூரிலிருந்து ஒருவன். ‘கொம்பண்ணன் வாழ்க’ என்றான் மலேசியாவிலிருந்து இன்னொருவன். மைல்கல்லை நம்பாத மனிதர், தோலின் நிறம், மூச்சில் வரும் புகை, வால் சுழலும் திசை என்று நாளொரு ஆதாரம் தந்தார். ஒற்றைப் பூதக் கட்சிக்காரர்களைக் கூலிக்கு எழுதுகிறவர்கள் என்று சாடினார். யாரோ அவர்களைத் தூண்டிவிடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டார். பழைய பழக்கம் அந்த அளவுக்கு மிச்சமிருந்தது.

“யாருப்பா இந்த டெல்டா உழவன், என் வீடியோவுல மட்டும் வந்து வந்து சண்ட போடுறாரு?” என்று ஜாஸ்லின் கேட்டாள்.

“வெவரம் தெரிஞ்ச ஆளாட்டம் இருக்கு,” என்றார் லூர்துராஜ்.

ஜாஸ்லினின் வீடியோவை ஊரும் பார்த்தது. வீரையனும் பார்த்தார். டீக்கடையில் அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“லூர்துண்ணே, ஒத்தப் பூதமா, ரெட்டப் பூதமா?”

“ரெட்ட. சந்தேகமே கெடயாது.”

“நீங்களா சந்தேகமே கெடயாதுங்கிறீங்க?” வீரையன் வடையைக் கீழே வைத்தார். “சரி. படம் தீவாளிக்கு வருது. அதுவரைக்கும் நடுவரப்புல ஒங்க மம்பட்டியும் படக்கூடாது, எங்க மம்பட்டியும் படக்கூடாது. படத்துல பாத்துக்குவோம்.”

அந்த வருஷம் நடுவரப்பு புல்லும் பூண்டுமாக, ஒருவரும் தொடாமல் கிடந்தது. நண்டுகள் நிம்மதியாக வளை தோண்டின. ஏதாவது மதிப்புப் போட்டு மீட்க முடியாமல் லூர்துராஜுக்குக் கை நமநமத்தது.

தீபாவளிக் காலையில் ஊரே லோடு வண்டியில் ஏறித் தஞ்சாவூருக்குப் போனது. லூர்துராஜுக்குப் பக்கத்துச் சீட்டில் வீரையன், பாப்கார்னோடு. பின்வரிசையில் பாசித், ஜாஸ்லின், அமலோற்பவம், மற்ற ஊர். படம் தொடங்கியது முதல் லூர்துராஜ் அடுத்த பூதம் எங்கே எங்கே என்று திரையின் மூலைகளைத் துழாவினார். இடைவேளைக்குச் சற்று முன்னால் கடல் கொந்தளித்து, இன்னொரு தலை எழுந்தது.

“வந்துட்டான்டா தம்பி!” லூர்துராஜ் சீட்டை விட்டு எழுந்து, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். தியேட்டர் திரும்பிப் பார்த்தது. தலை முழுசாக மேலே வந்தது. அது குட்டி. அதற்குக் கொம்பே முளைக்கவில்லை.

அவர் உட்கார்ந்தார். இடைவேளையில் வீரையன் டீ வாங்கிக் கொடுத்தார். அதை லூர்துராஜ் குடிக்கவில்லை.

இடைவேளை முடிந்ததும் வயல் வந்தது. மண்டை கருகிய தென்னை வந்தது. பூதம் வந்தது, வலக்கொம்பு உடைந்த, காலில் ஆணியுள்ள, அதே ஒரே பூதம். ட்ரெய்லரில் போனதற்கு எதிர்ப்பக்கமாக நடந்தது. அது காலைத் தூக்கிய இடைவெளியில் நடுவரப்பு தியேட்டர் அகலத்துக்கு விரிந்து கிடந்தது. தொப்பை இடப்பக்கம். இவ்வளவு பெரிதாகத் தன் மீட்புப் பணியை லூர்துராஜ் இதற்கு முன் பார்த்ததில்லை.

கூட்டம் எழுந்து கத்தியது. காகிதம் பறந்தது. அத்தனை சத்தத்துக்கு நடுவில் வீரையன் அவர் காதருகே குனிந்தார்.

“அண்ணே, ஊர் முன்னாலன்னுதான சொன்னீங்க? ஊரு இங்கதான் இருக்கு.”

லூர்துராஜ் பின்வரிசையைப் பார்த்தார். எல்லோருடைய கையும் மேலே இருந்தது, ஆட்டம், கைதட்டல். கொம்பாசுரனைப் பார்த்துச் சிலர் கும்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள். அவர் எழுந்து, பின்பக்கம் திரும்பி, இரு கையையும் குவித்துத் தலைக்கு மேல் உயர்த்தினார். பூதத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கும்பிடும் ரசிகரைப் பின்வரிசையில் யாரும் கவனிக்கவில்லை, அமலோற்பவத்தைத் தவிர. அவள் மட்டும் பதிலுக்குக் கும்பிட்டாள்.

“போதும், உக்காருங்க, பின்னால மறைக்குது,” என்றார் வீரையன்.

தை அறுவடை முடிந்ததும் இருவரும் நடுவரப்பில் கயிறு பிடித்தார்கள். தென்னையடியில் ஒரு முளை, வாய்க்கால் கரையில் ஒரு முளை. வீரையன் தென்னையடியில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுக் கையசைத்தார். வாய்க்கால் பக்கம் லூர்துராஜ் குந்தி உட்கார்ந்து, தன் முளையில் கயிற்றைச் சுற்றினார். சொன்ன வார்த்தைப்படி, வரப்பு கயிற்றுக்கு நேராக இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். அதாவது, அவருடைய வயலுக்குள்.

கட்டி முடித்தவர் எழவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கயிற்றின் ஓரமாகவே தென்னையடி வரைக்கும் நெடுநேரம் பார்த்தார்.

“வீரையா!” என்று கத்தினார். “அந்த முனைய இன்னும் ஒரு வெரல் ஒன் பக்கம் தள்ளு. சாயுற மாரி தெரியுது.”