ஃபிலிம் நகரில் ஒரு ‘வந்தாக’

ஹைதராபாதில் நாங்கள் குடியிருக்கும் திருமுல்கேரியிலிருந்து ஃபிலிம் நகர் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மீட்டர் போட மறுத்த ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு, நூற்று முப்பதுக்கு இறங்கி வந்தார். காலை எட்டரைக்குக் கிளம்பினோம். பட்டுப் புடவையா, நூல் புடவையா என்று முதல் நாள் முழுக்க யோசித்த என் மனைவி விசாலாட்சி, கடைசியில் நூல் புடவையோடு வந்து நின்றாள்.

“பட்டு என்ன ஆச்சு?” என்றேன்.

“சரசரங்கும், மைக்கு அதையும் சேத்துப் புடிக்கும்னு கிரண் சொன்னான். நீங்கதான் சட்டைக்குக் கஞ்சி போட்டுட்டு வந்திருக்கீக. உங்கள உள்ள விடுறாகளோ என்னமோ!”

பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முப்பது ஆண்டுகளாக ஹைதராபாதில் இருந்தும் ஃபிலிம் நகர்ப் பக்கம் போனதில்லை. சினிமாப் பாட்டு எப்படி உருவாகிறது என்று பார்த்திராதவர்களுக்காக இந்தப் பயணத்தை எழுதுகிறேன். அன்று அங்கே நான் செய்ததையும் எழுதாமல் விட முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அழைப்பு எனக்கு வரவில்லை, அவளுக்குத்தான் வந்தது.

எங்கள் எதிர் வீட்டுப் பையன் கிரண், தெலுங்குக்காரன். மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடமொன்றில் மென்பொருள் வேலை பார்த்தவன், அதை உதறிவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டான். காலனியில் நடந்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து விசாலாட்சி பாடியதைக் கேட்டிருக்கிறான். ஒரு தெலுங்குப் படத்தில் தமிழ்ப் பெண் வீட்டுக் கல்யாணம் வருகிறதாம். நடுவில் ஒரு தமிழ் அத்தை நான்கு வரி பாட வேண்டும், பாடகியின் குரலாக இருக்கக் கூடாது, வீட்டுக் குரலாக இருக்க வேண்டும் என்று இசையமைப்பாளர் தேடிக்கொண்டிருந்தாராம். “ஆன்ட்டி, மீரே ரண்டி”, நீங்களே வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டான்.

நான் ஆறு ஆண்டுகள் முறையாகச் சங்கீதம் கற்றவன். தமிழ்ச் சங்க ஆண்டு மலர்களில் என் வெண்பாக்கள் வந்திருக்கின்றன. விசாலாட்சிக்கு ராகத்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. அந்த நான்கு வரியை எழுதவாவது என்னைக் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் கஞ்சி போட்ட சட்டையோடு துணைக்குப் போனேன்.

கார்கானா தாண்டியதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, “ஃபிலிம் நகர் கைக்கு ஜாரே சாப்?” என்று, எதற்குப் போகிறோம் என விசாரித்தார்.

நான் பதில் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “ஹவ் பையா, ஹீரோயின் மைச்!” கதாநாயகியே அவள்தானாம்.

“அவுர் சாப்?”

துணிப்பெட்டி தூக்க வருகிறார் என்று அவள் இந்தியில் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஒரு பக்கம் ஒதுங்கி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற கம்பெனி வேன் ஒன்று ஹாரன் அடித்தது. பேகம்பேட்டை, பஞ்சாகுட்டா நெரிசல் எல்லாவற்றையும் தாண்டி ஜூப்ளி ஹில்ஸ் மேட்டில் ஏறும்வரை அவர்கள் இருவருமே பேசிக்கொண்டு வந்தார்கள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய வளாகம், நூறு வாத்தியக்காரர்கள் என்றெல்லாம் எண்ணியிருந்தேன். சந்துக்குள் இருந்த ஒரு மாடிவீட்டின் தரைக்குக் கீழுள்ள தளம்தான் ஒலிப்பதிவுக் கூடம். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தால் மார்கழிக் குளிர். சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த துணி. அறை நடுவே ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கிரணும் கணினியும் பொத்தான்கள் நிறைந்த மேசையும். அந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குச் சிறிய அறை, அதில் ஒரு மைக், ஒரு ஸ்டாண்டு, அவ்வளவுதான். வாத்தியக்காரர் ஒருவரையும் காணோம்.

“நாதஸ்வரம் நேத்து வந்து வாசிச்சிட்டுப் போயிட்டாங்க சார். புல்லாங்குழல் நாளைக்கு. தவில் கம்ப்யூட்டர்லயே இருக்கு” என்றார் இசையமைப்பாளர் வம்சி. முப்பது வயதுகூட இருக்காது. சென்னையில் சில காலம் கீபோர்டு வாசித்தவராதலால் தமிழ் ஓரளவு வரும். இக்காலப் பாட்டில் ஒருவர் வாசிப்பதை மற்றவர் நேரில் கேட்பதே இல்லை. ஆளுக்கொரு நாள் வந்து அவரவர் துண்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எல்லாவற்றையும் கணினியில் அடுக்கி ஒரே கல்யாண வீடாக்குகிறார்கள்.

வம்சி கீபோர்டில் மெட்டை வாசித்துக்கொண்டே பாடிக் காட்டினார். சொல் கிடையாது. “தன்னன தானான, தன்னன தன்னன தானான” என்ற தத்தகாரம்தான். மெட்டு முதலில் பிறக்கிறது, சொல் பிறகு வந்து அதற்குள் உட்கார வேண்டும். என் நேரம் வந்துவிட்டது என்று நினைத்து, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். ‘செம்பொற் கழலணிந்து செம்மாந்து வந்தவரே’ என்று தொடங்கும்.

வம்சி மரியாதையாகக் கேட்டார். மெட்டில் போட்டும் பார்த்தார். ‘செம்பொற்’ என்ற இடத்தில் மெட்டு முட்டிக்கொண்டு நின்றது.

“ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா கல்யாண வீட்ல ஆன்ட்டிங்க இப்படிப் பேச மாட்டாங்க இல்ல?” என்றவர் அவள் பக்கம் திரும்பினார். “அம்மா, உங்க வாய்க்கு என்ன வருதோ போடுங்க. பாட்டுன்னு நெனைக்காதீங்க, சம்பந்தி வீட்டை வம்பு பண்றீங்கன்னு நெனைங்க.”

விசாலாட்சி கண்ணாடியறைக்குள் போனாள். வளையல் சத்தம் போட்டது. கண்ணாடி வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பொன் வளையல்கள் கழலாததால் என் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, அதில் கேட்கும் ‘டிக் டிக்’ தாளத்துக்குத் தலையாட்டினாள். மூன்று முறை மெட்டைக் கேட்டாள். பிறகு பாடினாள்:

மாப்ள வந்தாக, மல்லுவேட்டி கட்டி வந்தாக,
கண்ணாடி போட்டாக, காப்பியத்தான் பாத்தாக,
பொண்ணு யாருன்னு கேட்டாக்க
டம்ளரக் காட்டுனாக!

வம்சி நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். “வந்தாகா! அந்த ‘ஆகா’ பாத்தீங்களா சார்? ஸ்வரத்தை அப்படியே இழுத்துப் புடிக்கலாம். எந்த ரைட்டர் குடுப்பான் இதை?” தமிழ் தெரியாத கிரண்கூடச் சிரித்தான்.

விசாலாட்சி சிவகங்கைப் பக்கம். வந்தார் என்பது அவள் வாயில் ‘வந்தாக’. வருகிறீர்களா என்பது ‘வாறீகளா’. திருச்சியில் பள்ளிக்கூடத் தமிழ் பேசி வளர்ந்த நான் திருமணமான புதிதில் அதைத் திருத்திப் பார்த்து, பிறகு விட்டுவிட்டேன். சினிமாக்காரர் சொன்னது உண்மை. ‘வந்தார்’ என்றால் ‘ர்’ வந்து வாயை மூடிவிடும். ‘வந்தாக’வில் வாய் திறந்தே இருக்கிறது, சிரிப்பு உள்ளேயே நிற்கிறது. சங்கீதம் கற்ற எனக்கு அது அந்தக் கணமே தெரிந்தது.

அந்த மாப்பிள்ளை யாரென்பதும் தெரிந்தது. அவளைப் பெண் பார்க்கப் போனபோது, கூச்சத்தில் நிமிராமல் கையிலிருந்த காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான். இத்தனை வருடத்தில் அவள் அதைச் சொல்லி ஒருநாளும் சிரித்ததில்லை. முன்பின் தெரியாத இரண்டு இளைஞர்களுக்கு முன்னால் எடுத்து வீசிவிட்டாள், அதுவும் மெட்டுக்கு ஒரு மாத்திரை பிசகாமல். கேலி செய்தாளே என்று வலித்திருந்தால்கூட என்னை மன்னிக்கலாம். எனக்கு வலித்தது வேறு. இப்படி ஒரு வரியை என் வாழ்நாளில் நான் எழுதியதில்லை.

அப்போது வம்சிக்கு இயக்குநரிடமிருந்து போன் வந்தது. சிக்னலுக்காக மாடிக்குப் போனார். போகும்போது, “இன்னொரு டேக் எடுத்து வைங்க” என்று கிரணிடம் சொல்லிவிட்டுப் போனார். டேக் என்பது ஒருமுறை பாடிப் பதிவது. அதில் சிறந்ததை வைத்துக்கொள்வார்கள்.

கிரண் என் பக்கம் திரும்பினான். “அங்கிள், தமிழ் கரெக்டேனா?”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அப்போது தமிழுக்கு நான் ஒருவன்தான் சாட்சி. நான் சொல்வதே தமிழ்.

“இல்லை. கொச்சையாக இருக்கிறது. ‘வந்தாக’ என்று ஒரு சொல் கிடையாது” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உள்ளே இருப்பவரிடம் பேசுவதற்கான பொத்தானை அவன் காட்டினான். அழுத்தினேன்.

“விசாலம், ‘வந்தார்’னு சொல்லு. ‘காட்டினார்’. ‘மாப்ள’ இல்ல, மாப்பிள்ளை. ‘ள்’ளை அழுத்து. தமிழ்நாட்டுக்காரங்க கேட்டா சிரிப்பாங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் சட்டென்று மாறியது. “தப்பாவா பாடுனேன்?”

“தப்புதான்.”

திருத்திப் பாடினாள். ஒவ்வொரு ‘ர்’ருக்கும் பயந்து பாடினாள். கிரண், கணினியில் இடம் குறைவாக இருக்கிறது, முதல் டேக்கை வைத்துக்கொள்ளவா, எடுத்துவிடவா என்று கேட்டான். நான் யோசிக்காமல் சொன்னேன் என்று எழுத ஆசைதான். யோசித்துத்தான் சொன்னேன்.

“தீசேய். எடுத்துவிடு. தப்பானதை வைத்து என்ன செய்வது?”

அவன் ஒரு பொத்தானைத் தட்டினான்.

வம்சி திரும்பி வந்து கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார். “அம்மா, முன்னாடி பாடின மாதிரி.”

“முன்னாடி எப்படிப் பாடுனேன்?” என்று அவள் நிஜமாகவே கேட்டாள்.

“அந்த ‘ஆக’ போட்டு.”

அவள் போட்டாள். ஆனால் இப்போது அது தப்பென்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு ‘ஆக’வும் கூசிக்கொண்டே வந்தது. நான்கு வரியைத் துண்டு துண்டாக எடுத்துப் பார்த்தார்கள், தாளத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், விளக்கை அணைத்துக்கூடப் பார்த்தார்கள். கடைசியில் வம்சி, “முதல் டேக் போடுடா” என்றார்.

கிரண் என்னைப் பார்த்தான். நான் மடியிலிருந்த வளையல்களைப் பார்த்தேன்.

“போயிந்தி அண்ணா. நேனே டிலீட் சேசானு” என்றான். தானே அழித்துவிட்டதாகச் சொல்லி, என் பெயரை எடுக்காமல் திட்டை அவனே வாங்கிக்கொண்டான். தெலுங்கில் வாங்கிய அந்தத் திட்டு முழுவதும் எனக்குப் புரிந்தது. ‘நான்தான் சொன்னேன்’ என்ற இரண்டு சொல் என் வாயில் வரவில்லை.

மதியம் கறி பாயின்ட் கடையிலிருந்து பொட்டலம் பொட்டலமாகச் சோறும் குழம்பும் வந்தன. விசாலாட்சி கொஞ்சம் மோர் மட்டும் குடித்தாள். “பரவாயில்லம்மா, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்” என்று வம்சி கும்பிட்டு அனுப்பினார். வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்பதற்கு அங்கே அதுதான் சொல் என்று அவர் முகமே சொன்னது.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பேகம்பேட்டைப் பாலத்தருகே வண்டி நின்றபோது நானே சொன்னேன்.

“முதல்ல பாடினதை நான்தான் அழிக்கச் சொன்னேன்.”

“தெரியும்” என்றாள். “சத்தம்தான் வராது. கண்ணாடி வழியா மூஞ்சி தெரியுமில்ல? நான் பாடுறப்பவே பாத்தேன்.”

“ஏன்னு கேக்க மாட்டியா?”

“அதுவும்தான் மூஞ்சியில இருந்துச்சே.” கைக்குட்டையை அவிழ்த்து மடித்து என்னிடம் நீட்டினாள். “அந்தப் பய உங்களுக்காகத் திட்டு வாங்குனான். அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க மொதல்ல.”

மறுநாள் எதிர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கிரண் பல் துலக்கிக்கொண்டே, “லைட் தீஸ்கோண்டி அங்கிள்” என்றான். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாமாம். வம்சியிடமும் போனில் ஒப்புக்கொண்டேன். அந்த நான்கு வரியை வேறு ஆளை வைத்து நேற்று ராத்திரியே பதிந்தாகிவிட்டது என்றார்.

பாட்டு வெளிவந்தது. யாரோ ஓர் இளம் பாடகி, அருமையான குரல். அந்த ‘ஆக’ மட்டும் அவர் வாயில் உட்காரவில்லை போலும். ‘மாப்பிள்ளை வந்தார்’ என்று என் திருத்தத்தின்படியே, ஓர் எழுத்துப் பிசகாமல் பாடியிருக்கிறார். உப்பலில் ஒரு கல்யாணத்தில் அதை ஒலிபெருக்கியில் போட்டார்கள். டம்ளர் வரி வந்தபோது பந்தியில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஃபிலிம் நகரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. அந்தச் சிறிய அறையோடு எங்கள் வீட்டை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இங்கே நடுவில் கண்ணாடி கிடையாது. அவள் அடுப்படியில் இருந்து கேட்பதை நான் கூடத்தில் இருந்து நன்றாகவே கேட்கிறேன். “சாப்பிடுறீங்களா?” என்கிறாள். “மருந்து போட்டீங்களா?” என்கிறாள். தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் பேசுவது போன்ற சுத்தமான, மரியாதையான தமிழ். இத்தனை வருடம் அவள் என்னைக் கேட்டதெல்லாம் ‘சாப்பிடுறீகளா’, ‘போட்டீகளா’ என்றுதான். அந்த ‘ஈக’ அன்றோடு நின்றுவிட்டது.

போன வாரம் கேட்டேவிட்டேன். “பழையபடி பேசேன், விசாலம்.”

அவள் குழம்புக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, கேலியும் இல்லை.

“அது தப்பில்லீங்களா?” என்றாள்.