கமலாட்சி வாங்கிய கையெழுத்து

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் மகள் கமலாட்சி, ஒரு பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகத்தில் நான்கு வருடமாகத் தற்காலிக வேலை பார்த்தாள். 2003-ல் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. அதற்குப் போட்டியாக, தானும் தற்காலிகமாக வந்து சேர்ந்தான் சின்ன காஞ்சிபுரத்து ஸ்ரீவர்தன்.

எட்டுக் கணினிகளை ஆளுக்கு நான்காகப் பிரித்துக் கொடுத்தார் பிரின்சிபால். செய்முறைத் தேர்வன்று யாருடையவை ஒழுங்காக ஓடுகின்றனவோ, அவருக்கே வேலை.

கமலாட்சி தன் கணினிகளில் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டாள். வேண்டிய மென்பொருளின் பெயரைச் சொன்னால் போதும். அதற்குத் துணையானவற்றையும் சேர்த்து சிடியிலிருந்து அதுவே எடுத்துப் பொருத்திவிடும். ஸ்ரீவர்தன் போட்டது ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளம். அதற்கும் அப்படியே பொருத்தக்கூடிய தயாரான மென்பொருள் பொதிகள் உண்டு. அவனோ, நாள்கணக்கானாலும் சரி, எல்லாவற்றையும் மூல நிரலிலிருந்து தன் கணினியிலேயே கம்பைல் செய்து உருவாக்குவேன் என்று பிடிவாதம் பிடித்தான்.

"யாரோ பண்ணி வெச்சதை அப்படியே வாயில போட்டுக்கறது எங்காத்துல வழக்கமில்லை" என்றான், மாணவர்கள் எதிரிலேயே.

அவள் வாங்கி வைக்கும் டீயை அவன் தொடமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். பையன்கள் சிரித்தார்கள். கமலாட்சியின் நெஞ்சு பற்றி எரிந்தது.

தேர்வு நாள். காலை ஆறு மணி. அவனுடைய நான்கு திரைகளிலும் கம்பைல் முடியாமல் வரிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

"இன்னா சார், இன்னும் வேகலையா?"

"மூணு நாளா கரண்ட் போய்ப் போய் வரது. நான் என்ன பண்றது?"

"என் மிஷினுக்கும் அதே கரண்ட்டுதான் சார்."

ஏழு மணிக்கு அவனே வந்து நின்றான். "உங்க சிடியைக் கொடுங்கோ. பத்து மணிக்கு எக்ஸாம். பசங்க ஃபெயிலாயிடுவா."

அவள் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். "என்னால முடியல, டெபியன் போட்டுக் குடுங்கன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க."

"பசங்களை வெச்சு மிரட்டறேளா?"

"அவங்களை நடுத்தெருவுல நிறுத்தினது நீங்க சார். எழுதுங்க."

அவன் எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒன்பதே முக்காலுக்கு நான்கு கணினிகளும் தயார்.

வேலை அவளுக்கே கிடைத்தது. அவன் தற்காலிகமாகவே நீடித்தான். என்றாவது அந்தத் தாளைக் கிழித்துப் போடுவாள் என்று காத்திருந்தான் பாவம். அவள் அதைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். தினமும் காலையில் அவன் குனிந்து வருகைப்பதிவில் கையெழுத்துப் போடவேண்டிய மேசை அதுதான்.