ஊசி மேல் போட்ட பழி

ரெட்டியார்பாளையத் தெருக்களில் மீன் விற்கும் ஆதிலட்சுமிக்கு வாய் கொஞ்சம் அதிகம். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி, "ராத்திரி கடல்ல, காலைல உன் சட்டியில" என்பாள். அந்த வாய்க்குத்தான் வியாபாரமே.

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த நேரம். விற்காமல் மிஞ்சி, ஐஸ் போட மறந்த சங்கரா மீனைக் குழம்பு வைத்துத் தின்றதில் அவளுக்கு வயிறு கலங்கிவிட்டது. அன்றைக்கென்று பார்த்து தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம் தொடங்கியிருந்தது. நர்சின் காதருகே போய் விஷயத்தைச் சொன்னாள்.

"ஜுரம் இல்லயே? லேசா வயித்தால போறதுக்கெல்லாம் ஊசிய தள்ளிப்போட வேணாம்மா. தண்ணி நிறைய குடி" என்று போட்டு அனுப்பினார் நர்ஸ்.

மறுநாள் ஏலத்தின் நடுவே கழிப்பறைக்கு ஓடித் திரும்பினாள். "இன்னாடி ஆச்சு?" என்றாள் கூட மீன் விற்கும் அஞ்சலாட்சி. தன் மீனைத் தின்று தானே கழிகிறாள் என்று தெரிந்தால் அப்புறம் எவள் வாங்குவாள்?

"எல்லாம் நேத்து போட்ட ஊசிதான்" என்றாள் ஆதிலட்சுமி. மறுத்துப் பேச ஊசிக்கு வாயா இருக்கிறது?

அஞ்சலாட்சிக்குச் சர்க்கரை. தம்பியைக் கொரோனாவுக்குக் கொடுத்தவள். ஊசி போட இருந்தவள், "உனக்கே இந்தக் கதின்னா நான் தாங்கமாட்டேன்டி" என்று விட்டுவிட்டாள். ஆதிலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் அஞ்சலாட்சி இருமியபோது, இவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். தொண்டையில் மாட்டியது வெறும் பாக்குத்தூள். 'பாவி, இவள் போய்ட்டா நீதான்டி காரணம்' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

முகாமின் கடைசி நாள் அஞ்சலாட்சியைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். வரிசை முழுக்க ஆதிலட்சுமியிடம் மீன் வாங்கும் பெண்கள்.

"உட்றி, நான் வரல."

"ஊசி இல்லடி! அதுக்கு முன்னாடியே வயித்தால போச்சு. நான் தின்ன மீனுதான். ஐஸ் போடாத சங்கரா. வியாபாரம் பூடுமேன்னு பொய் சொல்லிட்டேன்."

வரிசையே திரும்பிப் பார்த்தது. அஞ்சலாட்சி அவளை முறைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

மறுநாள் தெருவில் வாங்க வந்த ஒருத்தி, தானே செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆதிலட்சுமி வாயே திறக்கவில்லை. கூடையில் பாதி அப்படியே நின்றது.

திரும்பும் வழியில் கைவலியோடு முனகிக்கொண்டே வந்த அஞ்சலாட்சி, அந்தக் கூடையிலிருந்து இரண்டு மீனை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"இதுக்காவது ஐஸ் போட்டியாடி?"

ஆதிலட்சுமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.