நிறைந்திருந்த எண்ணெய்க் கிண்ணம்

என் சன்னல் மேடையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. பித்தளை மூடி போட்டது, உள்ளங்கைக்குள் அடங்கும். வருகிறவர்கள் ஊறுகாய்க்கு ஆகும் என்பார்கள். அது ஒரு காலத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் சொட்டிய கிண்ணம். என் கல்யாண வாழ்க்கையைக் காப்பாற்றியதும் அதுதான்.

ஐம்பதுகளில் என் வீட்டுக்காரர் விழிதியூர் அரிசி மில்லில் எஞ்சின் டிரைவர். தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட மங்காத நேரம். ஒரு நாள் மத்தியானம் சோற்றுத் தூக்கோடு நான் மில் வாசலை மிதிக்கவும், உள்ளே வெடி வெடித்தாற்போல் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. எஞ்சினின் தண்டு முறிந்து கிடந்தது. அவருக்கு அடியில்லை. ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? எண்ணெய் விடாமல் தூங்கிவிட்டான், புது மாப்பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் ஏது என்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இவ காலடி வச்ச நேரம், சனி புடிச்சிருச்சு" என்றார் மேஸ்திரி. அவர் என் மாமியாருக்கு அண்ணன். என் வீட்டுக்காரருக்கு வேலை போனால் என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

திருநள்ளாறு கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது எங்கள் பக்கத்தில் வேறு காரணம் எதற்கு? எஞ்சினைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, எள் விளக்கு ஏற்றிவிட்டுப் பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று மேஸ்திரி துணியும் கையுமாக இறங்கினார். அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி வந்தார். திருமலைராயன்பட்டினத்து மரைக்காயர். இளவயதில் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர்.

"யாரும் தொடாதீங்க. விழுந்தது விழுந்த எடத்துலயே கெடக்கட்டும். கழுவிட்டா அது என்னத்தச் சொல்லும்?"

வெள்ளைக் கைலி கறுப்பாவதைப் பாராமல் தரையில் உட்கார்ந்தார். யார் செய்தது என்று அவர் கேட்கவே இல்லை. எது முதலில் உடைந்தது என்றுதான் தேடினார். முறிந்த தண்டிலிருந்து அறுந்த போல்ட்டுக்கு, போல்ட்டிலிருந்து கருகி உருகிய பேரிங்குக்கு, அங்கிருந்து எண்ணெய்க் குழாய்க்கு என்று அவர் விரல் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனது. கடைசியில் மேலே இருந்த அந்தக் கிண்ணத்தில் வந்து நின்றது. கிண்ணம் நிறைந்திருந்தது.

"காலையில ரொப்புனது இந்நேரம் பாதியாவது எறங்கியிருக்கணும். தம்பி எண்ணெய் விட்டிருக்கான். எண்ணெய்தான் போகல."

குழாய்க்குள் கம்பியை விட்டு இழுத்தார். ஊறிப்போன சணல் நார் கொத்தாக வந்தது. எண்ணெயைப் பழைய சாக்கில் வடிகட்டி ஊற்றச் சொன்னது யார் என்று மில்லில் எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. மரைக்காயரே சொன்னார்.

"சாக்குல வடிகட்டச் சொன்னது நான். குத்தம் என்னுது. நீயும் ஒரு தரம் அண்ணாந்து பாத்திருக்கலாம், தம்பி." பிறகு வாசலில் நின்ற என்னிடம், "தாயி, ஒன் காலு நல்ல காலுதான். என் சாக்குதான் கெட்ட சாக்கு" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உடைந்த இரும்பு பேசும் என்பதே அதிசயம். அது தன்னையே காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்தும் ஒரு மனிதர் அதைக் கடைசிவரை பேசவிட்டாரே, அந்தப் பிரமிப்பு இன்றும் தீரவில்லை. என் வீட்டுக்காரருக்கு வேலை நிலைத்தது, எனக்கு வீடு நிலைத்தது. எஞ்சினைப் பழுது பார்த்துப் புதுக் கிண்ணம் மாட்டியபோது, பழையதை மரைக்காயர் எனக்குக் கொடுத்தனுப்பினார்.

இப்போது என் மகள் கணினியில் நிரல் எழுதுகிறாள். அது பாதியில் செத்துப்போனால் உடனே மறுபடி ஓட்டமாட்டாளாம். கடைசியாக எங்கே நின்றது, அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று திரை நிறைய வரிகளை விட்டுவிட்டுத்தான் போகுமாம். "அத அழிச்சிட்டா ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதும்மா" என்கிறாள். எனக்குத் தெரியாதா என்று சிரித்துக்கொள்வேன்.

வீட்டில் ஒரு பாத்திரம் விடாமல் துலக்குகிறவள் நான். அந்தக் கிண்ணத்தை மட்டும் இதுவரை கழுவியதில்லை. விளிம்பை ஒட்டி, அன்றைக்கு எண்ணெய் நின்ற கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.