சுப்ரா அங்கிள் செய்த பெட்டி

சுப்ரா அங்கிள் இறந்துவிட்டார். இன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு உட்கார்ந்தவர்... நெஞ்சுவலி என்கிறார்கள்.

பெடாஸ் ஊர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் செம்பனை எண்ணெய் மில்லில் அவர்தான் வயர்மேன்.

வீட்டில் எல்லாரும் தூங்கியபிறகு போர்வைக்குள் ஒளிந்து போனில் இந்தப் பதிவை எழுதுகிறேன். நாளை பள்ளியில் இதை யார் யார் படிப்பார்களோ.

மில் புகையில் வரும் கரியைப் பிடிக்க ஒரு பெரிய ஃபில்டர் இருக்கிறது. உள்ளே தொங்கும் கம்பிகளுக்கு மைனஸ் கரண்ட்.

"ஏன் அங்கிள், பிளஸ் கொடுத்தா என்னா?"

"அதெல்லாம் தெரிஞ்சா நான் ஏன் மா ஏணியில ஏறிக்கிட்டு இருக்கேன்? மேனேஜர் நாற்காலியிலயே உட்கார்ந்திருப்பேன்!"

அந்தக் கேள்வியையே எங்கள் மூவர் குழு அறிவியல் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டது. அங்கிள் கொசு அடிக்கும் பழைய கரண்ட் மட்டைகளைப் பிரித்து, ஓர் ஐஸ்கிரீம் டப்பாவிலேயே கரண்ட் பெட்டி செய்து தந்தார். முனையில் தையல் ஊசி, எதிரில் பால் டின் மூடி.

ஊசிக்கு மைனஸ் கொடுத்து, பக்கத்தில் ரேடியோவை வைத்தால் சீராக ஒரு ர்ர்ர்... மூடியை நெருக்கினால் சத்தம் கீச்சென்று ஏறும். பிளஸுக்கு மாற்றினால் வெறும் கரகரப்பு.

அங்கிள் நம்பவில்லை. "கரண்டு நிக்காம போவுது. எப்படி லா விட்டு விட்டு வரும்? உன் ரேடியோதான் கோளாறு."

காற்றிலுள்ள ஆக்சிஜன் எலெக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கூட்டம் ஊசிக்கு முன்னால் அடைத்து நிற்கும், அது விலகினால்தான் அடுத்த துடிப்பு என்று படித்ததைச் சொன்னேன்.

தலையைச் சொறிந்தார். "நம்ம செம்பனைப் பழ லோரி மாதிரி... தராசுல நிக்கிறவன் நகர்ந்தாதான் அடுத்தவன் ஏறுவான்."

"அதேதான் அங்கிள்!"

"அப்ப காத்துக்குள்ள எடை எழுதுற கிராணி யாரு லா?" சிரித்தார்.

அந்த லோரிக் கதையைத்தான் நடுவர்களிடம் சொன்னேன். மாவட்டத்தில் முதல் பரிசு.

ஆனால் ஃபாரத்தில் 'வெளியார் உதவி' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். மார்க் போய்விடுமே என்ற பயம்.

கண்காட்சியைப் பார்க்க அங்கிளும் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. எங்கள் போர்டை மேலிருந்து கீழே படித்தார். 'கருவி: மாணவர்களே செய்தது.' அந்த வரியில் கொஞ்சம் நின்றார்... நான் தரையைப் பார்த்தேன்.

"ஊசி முனையில தூசி பிடிச்சிருக்கு மா. தொடைச்சிட்டுக் காட்டு."

அவ்வளவுதான். டீ குடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் மில் பக்கமே போகவில்லை.

அடுத்த வாரம் மாநிலப் போட்டி. இதைப் படித்தால் என் குழுவில் உள்ள இரண்டு பேரும் இனி என்னோடு பேசாமல் போகலாம்.

டீச்சர், நீங்கள் இதைப் பார்த்தால்... அந்தப் பெட்டியை நாங்கள் செய்யவில்லை. சுப்ரா அங்கிள் செய்தது.

அங்கிள், நாளைக் காலை உங்களைப் பார்க்க வருகிறேன். பெட்டியை உங்கள் வீட்டு ஆன்ட்டியிடம் கொடுத்துவிடுகிறேன்.

போய் வாருங்கள்.